நல்ல ரத்தம் – 14: வாத்தியாரிடம் சொல்ல வேண்டிய செய்தி

அன்று காலை அவினோவுக்கு மீன் பொரிக்க வரவில்லை.

முப்பது வருடமாக ஏரிக்கரை ஊரான கிசுமுவில் குடித்தனம் நடத்துகிறவளுக்கு ஏரி மீனை எப்போது திருப்பிப் போட வேண்டும் என்று தெரியாதா என்ன? கை பாட்டுக்குக் கரண்டியைப் பிடித்துக்கொண்டிருந்தது, மனசு அடுப்படியில் இல்லை. கரிந்த வாடை மூக்கில் ஏறிய பிறகுதான் அடுப்பைக் குறைத்தாள்.

"அம்மா! அந்த மீன் செத்து ரெண்டு நாளாச்சு. மறுபடியும் ஏன் கொல்ற?" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது. மகள் குவின்டாதான். நைரோபியில் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை. முந்தின நாள் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தாள்.

"வாயைப் பாரு. வந்து நீயே பொரிக்கிறதுதானே?"

"நான் விருந்தாளி."

போன வார அத்தியாயத்தில் அவினோவை மைக்ராஸ்கோப் முன்னால் உட்காரவைத்துவிட்டு நான் பாட்டுக்குப் போய்விட்டேன். அவள் அதில் என்ன பார்த்தாள் என்று கேட்டு எத்தனை கடிதம்! இரண்டு பேர் திட்டியே எழுதியிருக்கிறார்கள். சொல்லிவிடுகிறேன், புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கும் உதவும்.

டாக்டர் அவினோ ரத்தப் புற்றுநோயை ஆராய்கிறவள். ஏரிக்கரைப் பிள்ளைகள் அந்த நோயில் ஏன் இப்படிச் சாகிறார்கள் என்று கேட்டுக்கொண்டு ஒரு பழைய மைக்ராஸ்கோப்போடு ஆரம்பித்தவள். இன்று அவளிடம் சொந்தமாக ஆய்வுக்கூடம் இருக்கிறது, ரத்த செல்களை ஒவ்வொன்றாக எண்ணுகிற மெஷின் இருக்கிறது. மருந்து சாப்பிட்ட பிள்ளையின் ரத்தத்தில் நோய் மிச்சம் இருக்கிறதா இல்லையா என்று அந்த மெஷினைப் பார்த்து அவள் சொன்னால் டாக்டர்கள் கேட்டுக்கொள்வார்கள். மிச்சம் இல்லை என்றால் மருந்தை நிறுத்துவார்கள். அந்த மருந்தும் லேசுப்பட்டதில்லை, விஷம்.

மெஷினுக்கு நோயாளியின் ரத்தத்தை மட்டும் காட்டினால் அதற்கு ஒன்றும் புரியாது. முதலில் நல்ல ரத்தத்தைக் காட்டி, "இதுதான் சரியான அளவு" என்று பழக்க வேண்டும். உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களில் இதற்கு ஒரு சுருக்கு வழி உண்டு. கையில் அகப்பட்ட ஆரோக்கியமான ஆளைப் பிடித்து உட்காரவைத்து ஒரு குழாய் ரத்தம் எடுத்துக்கொள்வார்கள். அவினோவின் ஆய்வுக்கூடத்தில் அகப்பட்டவர் அவள் புருஷன் ஒகேலோ. கணக்கு வாத்தியார். தலைவலி மாத்திரை கூட முழுங்காத ஆள். ஒவ்வொரு தடவையும் ஒரு சோடாவும் எண்ணெயில் பொரித்த ஒரு மந்தாஸிப் பணியாரமும் கூலி.

அதில் அவருக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை. அவினோவின் கட்டுரைகளில் 'ஆரோக்கியமான கொடையாளி' என்று வருகிற இடத்திலெல்லாம் பென்சிலால் ஒரு கோடு இழுத்து ஓரத்தில் 'நான்' என்று எழுதி வைப்பார். கல்யாணத்துக்குப் போனாலும் சாவுக்குப் போனாலும் இதைச் சொல்லாமல் திரும்ப மாட்டார்.

அந்த வாரம் அவர் ஒரு சாவுக்காக வெளியூர் போயிருந்தபோது, ஆய்வுக்கூடத்து உதவியாளர் பெர்பெச்சுவா அவசரத்துக்குத் தன் கையையே நீட்டினாள். அன்றைக்குத்தான் விஷயம் வெளியே வந்தது. பெர்பெச்சுவாவின் ரத்தத்தில் இல்லாத ஏதோ ஒன்று வாத்தியாரின் ரத்தத்தில் இருந்தது. ஊரிலிருந்து திரும்பியவரிடம் ஒன்றும் சொல்லாமல் மறுபடி ஒரு குழாய் எடுத்து, வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவினோ தானே கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்த்தாள்.

பிஞ்சு செல்கள். வளராமலே பெருகுகிற பிஞ்சுகள். நான்கு பக்கமும் அவைதான் கிடந்தன. அவளுக்கு அவற்றை அடையாளம் சொல்ல யாரும் தேவையில்லை.

அதைத்தான் அவள் பார்த்தாள். இனி சனிக்கிழமைக்கு வருவோம்.

சாப்பிட உட்கார்ந்தார்கள். ஒகேலோ உகாலிக் களியைக் கிள்ளி உருட்டினார், வாயில் போட்டார், அப்புறம் தட்டைத் தள்ளிவைத்தார். கரிந்த பக்கத்தை அவினோ தன் தட்டில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னப்பா, பசிக்கலையா?"

"சாவு வீட்டுல மூணு நாள் தின்னது இன்னும் அப்படியே நிக்குது. வயசாகுது இல்ல?" முழங்கையை மகளிடம் காட்டினார். ஊசி குத்திய இடத்தைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு நீலம் பாரித்திருந்தது. "இதைப் பாரு. உங்கம்மாவோட பெர்பெச்சுவா ஊசி போடுறாளா, கிணறு வெட்டுறாளான்னே தெரியல. மந்தாஸி வேற வரவரச் சின்னதாகுது."

குவின்டா சிரித்தாள். அவினோ அந்த நீலத்தைப் பார்த்தாள். இது போன மாதம் காலிலும் இருந்தது. நாற்காலியில் இடித்துக்கொண்டேன் என்றார், சரி என்று விட்டுவிட்டாள். சாயங்காலம் அவர் வேலையிலிருந்து வந்தால் செருப்பைக் கூடக் கழற்றாமல் நாற்காலியில் தூங்கிப்போனதைப் பார்த்து, "கிழவா" என்று கேலி செய்ததும் அவள்தான். ஊரான் வீட்டுப் பிள்ளைக்கு இதில் பாதி இருந்திருந்தால் அன்றைக்கே படுக்கையில் போட்டிருப்பாள்.

குவின்டா அப்பாவுக்கு ஒரு சட்டை வாங்கி வந்திருந்தாள். திங்கட்கிழமைக்கு. நைரோபியில் பெரிய கூட்டம், அவினோவின் இத்தனை வருட உழைப்புக்கு மேடையில் பட்டயம் தரப்போகிறார்கள். மூன்று பேரும் ஞாயிற்றுக்கிழமை விமானத்தில் கிளம்புவதாக ஏற்பாடு. ஒகேலோ சட்டையை மேலே வைத்துப் பார்த்துக்கொண்டார். மஞ்சள் என்றால் அப்படி ஒரு மஞ்சள்.

"என்னையும் ரெண்டு வார்த்தை பேசச் சொல்வாங்க, பாரு. 'பெரியோர்களே, இந்த அம்மா கண்டுபிடிச்சதெல்லாம் என் ரத்தத்தை உறிஞ்சிக் கண்டுபிடிச்சது. மத்த பொம்பளைங்களும் உறிஞ்சுறாங்க, பட்டயந்தான் கிடைக்கிறதில்ல.' எப்படி?"

"அப்பா, மேடையில இதைப் பேசினா நான் உங்களுக்குப் பொண்ணே இல்ல."

அவினோ எழுந்து தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

குவின்டா கிபூயே சந்தைக்குக் கிளம்பிப் போனதும் பெர்பெச்சுவா போன் செய்தாள்.

"சொல்லிட்டீங்களா டாக்டர்?"

"இல்ல."

"நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே? திங்கட்கிழமை முடியட்டும். ரெண்டு நாள்ல என்ன ஆயிடப் போகுது? பட்டயத்தை வாங்கிக்கிட்டு வாங்க. அப்புறம் வாத்தியார்கிட்ட சொல்லலாம், அந்தக் கோட்டு விஷயத்தையும் பார்க்கலாம்."

கோட்டு விஷயம். இரண்டு வருடத்துக்கு முன்னால் புது மெஷின் வந்த சமயம், நல்ல ரத்தத்திலேயே கொஞ்சம் பிஞ்சு செல்கள் தெரிய ஆரம்பித்தன. "டாக்டர், வாத்தியார் ரத்தத்துல ஏதோ இருக்கு" என்று பெர்பெச்சுவா அப்போதே சொன்னாள். செல்களை அடையாளம் காட்ட ஏற்றுகிற சாயம் கெட்டிருக்கும் என்றாள் அவினோ. வேறு சாயம் வரவழைத்தார்கள், அப்போதும் தெரிந்தது. அப்படியானால் பழைய மெஷின் கண்ணுக்குப் படாதது புது மெஷினுக்குப் படுகிறது, நல்ல ரத்தத்திலும் இவ்வளவு இருக்கும்போல, என்று முடிவு கட்டினாள். நோய் இருக்கிறது, இல்லை என்று பிரிக்கிற எல்லைக்கோட்டை அந்த அளவுக்கு மேலே தூக்கி வைத்தாள். வேறு நாலு பேரின் ரத்தத்தைப் பார்த்திருக்கலாம். சாயம் விலை அதிகம், ஒரே ஆளை வைத்து அளந்தால்தான் ஒரே சீராக இருக்கும் என்று அதற்கும் அவளிடம் பதில் இருந்தது.

அந்தக் கோட்டுக்குக் கீழே வந்த பிள்ளைகளுக்கெல்லாம் மருந்து நிறுத்தியாகிவிட்டது.

"ரெண்டு நாள்ல என்ன ஆயிடப் போகுது" என்று தானும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள் அவினோ. சொல்லச் சொல்ல அது நியாயமாகத்தான் பட்டது. ஒரு மேடை, ஒரு கைதட்டல், அந்த மஞ்சள் சட்டையில் அவர் முன் வரிசையில் இருப்பது. அதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது அவளுக்கு. இனி அப்படி ஒரு நாள் வருமோ, வராதோ.

ஜன்னல் வழியாகப் பின்கட்டைப் பார்த்தாள். முக்காலியில் குந்திக்கொண்டு திங்கட்கிழமைக்காக ஷூவுக்குப் பாலீஷ் போட்டுக்கொண்டிருந்தார் மனுஷன். நாலு தேய்ப்பு தேய்ப்பார், நிறுத்தி மூச்சு வாங்குவார், அப்புறம் நாலு.

"வச்சிடு பெர்பெச்சுவா" என்றாள். "சொல்லப் போறேன்."

"வாத்தியாரே" என்றாள், பின்கட்டுக்கு வந்து.

"சட்டை பிடிக்கலதானே? எனக்கும் பிடிக்கல. பழுத்த வாழைப்பழம் மாதிரி இருப்பேன். மக வாங்கினது, வாயை மூடிக்கிட்டுப் போட்டுக்க வேண்டியதுதான்."

"பெர்பெச்சுவா ரத்தத்தை மெஷின்ல போட்டோம். சுத்தமா இருக்கு."

"சந்தோஷம். நல்ல மாப்பிள்ளையா பாரு."

"கேளுங்களேன். என் ரத்தத்தையும் போட்டோம். வாட்ச்மேன் ரத்தம், ஆபீஸ்ல இருக்கிறவங்க ரத்தம். எல்லாம் சுத்தம். ஒண்ணுலயும் அந்தப் பிஞ்சு செல் இல்ல."

பிரஷ் நின்றது. ஆயுள் முழுக்கக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். அடுத்த வரியை அவராகவே போட்டுக்கொண்டார்.

"அப்போ என்னோடதுல மட்டும்."

"ஆமா."

"சாயக் கோளாறு?"

"இல்ல. என் கண்ணால பார்த்தேன். ரெண்டு தடவை பார்த்தேன்."

"பேரைச் சொல்லு. ஆஸ்பத்திரியில சொல்ற மாதிரி நேராச் சொல்லு. நான் மட்டும் என்ன கண்ணாடியா, உடைஞ்சுபோக?"

சொன்னாள். நாள் தவறாமல் வாயில் புழங்கிய பெயர்தான். மெதுவாக வளர்ந்துகொண்டிருந்தது, இப்போது வேகம் பிடித்துவிட்டது, எலும்பு மஜ்ஜை எடுத்துப் பார்க்க வேண்டும், மருந்து இருக்கிறது, நாளைக்கே ஆரம்பிக்கலாம் என்று அடுக்கிக்கொண்டே போனாள். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"இந்த நோய் வந்த என் வயசுக்காரங்களைப் பத்தி நீ ஒரு கட்டுரை எழுதினியே. நான்தானே பிழை திருத்தினேன். ஒரு வருஷம் தாண்டினவங்க 'சிலர்'னு எழுதியிருந்த. 'வெகு சிலர்'னு போடு, அதுதான் உண்மைன்னு சொன்னேன். அதுக்கு ராத்திரி பூரா சண்டை போட்ட."

அவினோ தரையிலேயே சரிந்து உட்கார்ந்து அவர் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பாலீஷ் வாடை அடித்தது. அவர் அவள் தலையைத் தொடவில்லை. கை முழுக்கக் கறுப்பாக இருந்தது.

அவர் குரல் மாறியது.

"அந்தக் கோட்டை என்னை வச்சுத்தானே போட்டீங்க?"

அவள் தலையை நிமிர்த்தவில்லை.

"கேக்கிறேன் இல்ல? கோட்டுக்குக் கீழ இருக்குன்னு எத்தனை பிள்ளைங்களுக்கு மருந்தை நிறுத்தச் சொன்ன?"

"எண்ணல. நிறைய."

"அட தெய்வமே!" பிரஷை வீசினார். அது சுவரில் பட்டுக் கோழிகளைக் கலைத்தது. "விடையே தப்பு! தப்பான விடையை வச்சு அத்தனை பேப்பரையும் திருத்தி, பாஸ் பாஸ்னு வீட்டுக்கு அனுப்பியிருக்க! பெர்பெச்சுவா அப்பவே சொன்னாளா இல்லையா? ரத்தத்தைப் பார்த்துட்டுச் சாயத்தைத் திட்டினீங்களேடி!"

"உங்களை நான் சந்தேகப்படவே இல்லையே!" அவினோ கத்திவிட்டாள். "வேற எவன் ரத்தமா இருந்தாலும் நூறு தடவை சோதிச்சிருப்பேன். உங்க ரத்தம்ங்க! இத்தனை வருஷமா ஒரு சின்னக் குறை சொன்னதில்ல அது. உங்களுக்கு ஒண்ணு வரும்னு எனக்குத் தோணவே இல்ல."

அவர் கோபமெல்லாம் வடிந்துபோனது. மூச்சு வாங்கியது.

"பொண்டாட்டி சந்தேகப்படாம இருந்தது நல்லதுதான்" என்றார். "டாக்டரம்மா சந்தேகப்பட்டிருக்கலாம்."

அவினோ எழுந்து போய்ச் சுவரோரம் கிடந்த பிரஷை எடுத்து வந்தாள்.

"திங்கட்கிழமை நான் போகல" என்றாள். "உடம்பு சரியில்லன்னு சொல்லிடுறேன்."

"போற. அந்த மேடையில ஏறி இதைத்தான் சொல்ற."

"எல்லாம் போயிடும் வாத்தியாரே. ஆய்வுக்கூடம், பட்டயம், பேரு. இனிமே எவன் என் வார்த்தையை நம்புவான்?"

"போனா போகட்டும். உன் கோட்டைப் பார்த்து வேற ஊர்லயும் கோடு போட்டிருப்பானா இல்லையா? அவங்க பிள்ளைங்களுக்கு என்ன வழி?" துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். "என் பேரையும் சொல்லு. இத்தனை வருஷம் பேரில்லாத ஆரோக்கியமான கொடையாளியா இருந்துட்டேன். சீக்காளியா இருக்கும்போதாவது பேரோட இருக்கேன்."

அவினோ அழுதாள். சிரிப்பும் வந்தது, அதற்கும் சேர்த்து அழுதாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு பெர்பெச்சுவாவுக்குப் போன் செய்து, ஒரு பிள்ளை விடாமல் எல்லோரையும் திரும்பக் கூப்பிடச் சொன்னாள். ஆய்வுக்கூடத்தைத் திறந்து வை, யாராவது வந்தால் கூப்பிடு, நானும் வந்துவிடுகிறேன் என்றாள்.

வெயில் சாயும் நேரத்துக்குப் பெர்பெச்சுவா திரும்பக் கூப்பிட்டாள். "பாதிப் பேர் கிடைச்சுட்டாங்க டாக்டர். ஹோமா பே பக்கத்துச் சில்வியாவோட அப்பா போனை எடுத்தார். ஈஸ்டருக்கு மருந்தை நிறுத்தினோமே, அந்தப் பொண்ணு. மூணு நாளா காய்ச்சலாம், நாங்களே கூப்பிடலாம்னு இருந்தோம்னு சொன்னார். அதோட லைன் போயிடுச்சு. மறுபடி கிடைக்கவே மாட்டேங்குது."

"விடாம அடிச்சுக்கிட்டே இரு" என்றாள் அவினோ. "விடியறதுக்குள்ள கிடைக்கலைன்னா, விமானத்துக்கு முன்னாடி நானே வண்டி எடுத்துக்கிட்டுப் போயிட்டு வந்துடறேன்."

குவின்டா சந்தையிலிருந்து வந்து சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அவளிடம் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று புருஷனும் பெண்டாட்டியும் பேசி வைத்திருந்தார்கள். பிள்ளை ஒரு வேளையாவது நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்றார் அவர்.

கூடத்தில் ஒகேலோ போனில் தம்பியிடம் பேசிக்கொண்டிருந்தார். வாத்தியார் குரல், தாழ்த்திப் பேசினாலும் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கும்.

"ஒச்சோலா, தகரமே போதும்டா... இல்ல, கோடைக்குன்னு தள்ளிப்போட வேணாம், இந்த மாசமே... ஒரே ரூம் போதும். கதவு மட்டும் அகலமா வைக்கச் சொல்லு. நம்ம அப்பா முற்றத்துல, இடது கைப் பக்கம் எனக்கு ஒதுக்கின இடம் இருக்கே, அங்கதான்... ஆமா, அவசரந்தான். நேர்ல சொல்றேன்."

எங்கள் பக்கத்து ஆம்பிளைகள் பட்டணத்தில் எத்தனை மாடி கட்டிக்கொண்டாலும் சரி, அப்பன் மண்ணில் தன் பேருக்கு ஒரு கூரையாவது இருக்க வேண்டும். அடக்கம் பண்ணுவதற்கு முன்னால் உடம்பைச் சொந்தக் கூரையின் கீழ் ஒரு ராத்திரி வைக்க வேண்டும், அடுத்தவன் வீட்டில் வைப்பது கேவலம். பார்க்கலாம், பார்க்கலாம் என்று முப்பது வருடமாகத் தட்டிக் கழித்தவர் ஒகேலோ. அவர் இந்த மாதமே வேண்டும் என்கிறார் என்றால் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

குவின்டாவின் கை மாவிலேயே நின்றுவிட்டது.

"அம்மா."

அவினோ அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, அப்பா எதுக்கு ஊர்ல வீடு கட்டுறார்?"

கூடத்தில் தம்பிக்குக் கதவின் அளவு சொல்லிக்கொண்டிருந்தார் அவர். அவினோ திரும்பினாள். பக்கத்தில் கிடந்த ஸ்டூலை மகள் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"உட்காரும்மா."

குவின்டா ஸ்டூலிலிருந்து இரண்டடி பின்னால் போனாள். மாவு அப்பிய கையை நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டாள்.

"மாட்டேன்" என்றாள். "ஸ்கூல் விட்டு வந்து உன் ரூம் வாசல்லயே வளர்ந்தவம்மா நான். நீ ஒவ்வொரு பிள்ளையோட அம்மாவையும் முதல்ல உட்காரச் சொல்லுவ. அப்புறம் உள்ள இருந்து அழுகைச் சத்தம் வரும்." குரல் உடைந்தது. "நான் உட்கார மாட்டேம்மா. என்னை உட்காரச் சொல்லாத."